உன் அறையில் மறுபடி டிரம் ஓடுகிறது

நவம்பர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். பதினான்காவது முறையாக உன் கேமிங் மெஷின் செத்தது. நீலத் திரை வரவில்லை, படம் திக்கவில்லை, எந்த முன்னறிவிப்பும் இல்லை. ஓடிக்கொண்டே இருந்தது, 'டொக்' என்றது, திரை கறுத்துவிட்டது. உன் வீட்டில் இப்போதெல்லாம் எந்தப் பொருளையும் 'செத்துப்போச்சு' என்று யாரும் சொல்வதில்லை. பல்பு போனால்கூட 'ஆஃப் ஆய்டுச்சு' என்கிறார்கள். நான் அப்படிப் பார்த்துப் பேசுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். செத்தது என்றால் செத்தது.

பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே குனிந்தேன். எந்த வாசனையும் வரவில்லை. தீய்ந்த வாசனை இல்லையே என்று விட்டுவிட்டேன். பதில் எனக்கு வராத வாசனையில்தான் இருந்தது என்பது தெரிய எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

இப்போது மணி எட்டு. எழுதுவதெல்லாம் எனக்கு வராது. ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் தூங்க முடியாது. வேறு யாரிடம் சொன்னாலும் பாதி புரியாது, மீதிப் பாதிக்கு 'அப்படியா' என்பார்கள்.

சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தவன் நீ எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. நீ போன மறுவாரம் உன் அம்மி ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்து மெஷின்மேல் போர்த்திவிட்டார்கள். ஏழு மாதம் அது அப்படியே இருந்தது. இந்த மாதம் ஆன்லைன் துப்பாக்கி ஆட்டப் போட்டியின் தகுதிச் சுற்று அறிவிப்பு வந்தது. நம் அணிக்கு நான்கு பேர் வேண்டும். நான் இருக்கிறேன். ஆலங்காயத்துக்காரனும் நாட்றம்பள்ளிக்காரனும் இருக்கிறார்கள். அவர்களை நீ ஊர்ப் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழக்கிவிட்டாய், இப்போது எனக்கு அவர்களுடைய சொந்தப் பெயர் யோசித்தால்தான் வருகிறது. நான்காவது இடம் உன்னுடையது. உன் தங்கை ரெஹானா போன் செய்து, "அண்ணா, பாய்ஜான் எடத்துல நான் ஆடறேன்" என்றாள். அவள் ஆடுவாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. உனக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றிருக்கிறாள்.

பெட்ஷீட்டை எடுத்து ஆன் செய்தாள். எட்டு நிமிடத்தில் அணைந்தது. அன்றிலிருந்து இதுதான் கதை.

விதி உனக்கே தெரியும். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் துண்டிக்கப்பட்டால் அணியே வெளியே. "வாணியம்பாடி கேமிங் சென்டர்ல ஒரு சீட் சொல்லி வெக்கவா?" என்று கேட்டேன். "பாய்ஜான் மெஷின்ல இல்லன்னா நான் ஆடலண்ணா. வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றாள். உன் அப்பா வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நேற்று வாசலில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, ஒவ்வொரு வாட்டி அது அணையறப்பவும் இந்தப் பொண்ணு மொகத்தப் பாக்க முடியல. அவ அம்மி ரூமுக்குள்ளயே வர்றதில்ல. நாளைக்கு ஆட்டத்துலயும் அணைஞ்சா திங்கக்கெழம காயிலான் கடைக்குப் போட்றேன். நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஆட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு.

எதையெல்லாம் மாற்றினாய் என்று கேட்பாய். கேள். பிராசசர் பேஸ்ட் புதிது. மின்விசிறி இரண்டும் புதிது. ரேமை இடம் மாற்றிப் போட்டேன், பிறகு என் ரேமையே கொண்டுவந்து போட்டேன். நாட்றம்பள்ளிக்காரன் தன் மெஷினின் பவர் சப்ளையைக் கழற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பினான், அதையும் போட்டுப் பார்த்தேன். சூடுதான் காரணம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டதால் என் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, தகட்டைத் திறந்து, உள்ளே நேராக அடிக்கும்படி வைத்தேன். அன்றுதான் மிக அதிகமாக அணைந்தது.

பேஜாராகி, பைக்கில் கட்டி வேலூருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் கடை. காலையில் ஆன் செய்தவர் மாலைவரை ஓட விட்டார். ஒரு முறைகூட அணையவில்லை. "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். உங்க வீட்டு கரண்ட்டப் பாருங்க" என்றார் கடைக்காரர். மூடும்போது மூக்கைச் சுளித்து, "உள்ள தோல் வாசனதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

"தோல் ஊரு ஆம்பூர்லேர்ந்து வருது சார். பின்ன மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் பெரிதாக ஏதோ சொல்லிவிட்டதாக வண்டியை எடுத்தேன். உன் வீட்டு கரண்ட்டை மூன்று நாள் அளந்தேன். கரண்ட் சுத்தமாக இருந்தது.

இன்றைக்கு வா. பதினான்காவது முறை அணைந்ததும் ரெஹானா நாற்காலியிலிருந்து எழவில்லை. கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஆரம்பத்துலதாண்ணா இது மாதிரி பண்ணுது. தப்பித் தவறி ஒரு மணி நேரம் ஓடிட்சின்னா அப்புறம் நிக்கறதே இல்ல" என்றாள்.

"சூடானாதான் மெஷின் அணையும். சூடாகறதுக்கு முன்னாடி அணையாது. அப்படி எங்கயும் கெடையாது" என்றேன்.

"நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

நான் வாயைத் திறந்தேன், பதில் தயாராக இருந்தது. அப்போதுதான் நீ வந்து நின்றாய். பேய்க்கதை எழுதவில்லை, நினைவுக்கு வந்தாய் என்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் மெஷினுக்குப் பொருள் பொருளாக வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பிய நாள். மற்றதையெல்லாம் மேலே அடுக்கிவிட்டு மதர்போர்டுப் பெட்டியை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாய். அரக்கோணம் தாண்டியதும் 'வேர்க்கல்ல, வேர்க்கல்ல' என்று கூவி வறுத்த மல்லாட்டை விற்றுக்கொண்டு வந்த அம்மா உன் மடியை எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, கொழந்தையா?" என்றார். நீ முகம் மாறாமல், "ஆமாங்கம்மா. இன்னும் பேரு வெக்கல" என்றாய். அந்த அம்மா ஒரு கை மல்லாட்டை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. நான் ரேமைப் பிடுங்கினேன், கார்டைப் பிடுங்கினேன், போர்டே போச்சு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். நீ தரையில் சம்மணம் போட்டு மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். தின்று முடித்து, கையைத் தட்டிவிட்டு, பின்பக்கம் போய்ப் பார்த்தாய். திரைக் கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தேன். மாற்றிச் செருகினாய். படம் வந்தது.

"நீ மெஷின கேள்வியே கேக்க மாட்டேங்கிற தோஸ்த். அது வாயத் தொறக்கறதுக்குள்ள நீ பதில் சொல்லிட்ற."

அதற்கப்புறம் நான் எங்கே அவசரப்பட்டாலும் இதைச் சொல்வாய். பெண் பார்க்கப் போய் நான் முதல் ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்தபோதும் இதையேதான் சொன்னாய். அந்த வீட்டில் மெஷின் எதுவும் இல்லை.

சரி என்று வாயை மூடினேன். இன்று ஒரு நாள் கேட்டுத்தான் பார்ப்போம். உள்ளே கையை வைத்தேன். எல்லாம் ஜில்லென்று இருந்தது. ரெஹானா சொன்னது உண்மை. குளிர்ந்திருக்கும்போது அணைகிறது, சூடானால் நிற்பதில்லை. ஃபேன் வைத்த அன்று அதிகம் அணைந்தது. அன்று வெளியே என்ன? மழை. ஃபேன் உள்ளே அடித்தது அத்தனையும் ஈரக் காற்று. வேலூர் கடையில் அணையவில்லை. அங்கே என்ன? கண்ணாடிக் கதவு. ஏசி. காய்ந்த காற்று.

சூடு இல்லை. ஈரம்.

அந்த நொடி எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்குள் விளக்கு வரிசையாக எரிந்துகொண்டு போகும், நீதான் ஒருமுறை அப்படிச் சொன்னாய். அடுத்த கேள்வி: மெஷினுக்குள் ஈரத்தைக் குடிப்பது எது? தகடு குடிக்காது, பிளாஸ்டிக் குடிக்காது, கண்ணாடி குடிக்காது. ஈரத்தைக் குடிக்கும் பொருளை நான் தினமும் காலையில் ஷூ கம்பெனி லேபில் எடை போடுகிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. தோல் மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் கரண்ட் போகும்.

உள்ள தோல் வாசனதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது.

மெஷினுக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து இந்த ஊர்க் காற்று. ரெஹானாவை முகரச் சொன்னேன். அவளும் முகர்ந்துவிட்டு, "ஒரு வாசனையும் இல்லியேண்ணா" என்றாள். ஆம்பூர்க்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்து முகரச் சொல்லியிருந்தாலும் பத்துப் பேரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். வேலூர்க்காரர் ஒருவர் பதிலைச் சொல்லியே அனுப்பினார், நான் மல்லிப்பூ பேசிவிட்டு வந்தேன்.

"போர்டக் கழட்டணும்" என்றேன்.

"இப்பவா? மணி மூணேகால்ணா."

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எதுவும் இல்லை. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத இடம், போர்டுக்கு அடியில். அதைப் பார்க்க ஒவ்வொரு ஒயரையும், ஒவ்வொரு திருகையும் கழற்றியாக வேண்டும். கழற்றி, திரும்ப மாட்டி, ஐந்துக்குள் ஓடவில்லை என்றால் ஆட்டமும் போச்சு, மெஷினும் போச்சு. உன் அப்பா எப்போது வந்தார் என்று தெரியாது, கதவருகே நின்றிருந்தார். "கழட்டிட்டு மாட்டிடுவியா தம்பி?" என்றார். மாட்டிடுவேன் என்று உடனே சொல்ல வந்தது. "தெரியல அங்கிள்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அபூர்வம். அவர் கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினார். "கழட்டு" என்றார்.

திருகுகளை ரெஹானா உன் சாப்பாட்டுத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். போர்டு தூக்கினால் வரவில்லை. கீழ் மூலையில் எதிலோ ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல நெம்பினேன். பிரிந்து வந்தது.

கேபினட் தகட்டின்மேல், ஷூவுக்கு அடிக்கும் பசையால் ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு ஒரு பிரவுன் தோல்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. உலகத்தில் வேறெந்த ஊரிலாவது எவனாவது ஒருவன் கம்ப்யூட்டருக்குள் தோலை வைப்பானா? ரப்பர் வைப்பான், ஸ்பாஞ்ச் வைப்பான். கை நீட்டினால் எது கிடைக்கிறதோ அதைத்தான் வைப்பான். உன் அப்பா தோல் வியாபாரி, உன் வீட்டில் கை நீட்டினால் கிடைப்பது தோல்.

ஏன் வைத்தாய் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாம் வாங்கியதிலேயே மட்டமான பொருள் அந்த கேபினட்தான். மெல்லிய தகடு. மின்விசிறி வேகமெடுத்தால் கீழ் மூலை அதிரும், 'கர்ர்ர்' என்று சுவர்வரை கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் உன் அப்பா கட்டில். இரவு இஷா தொழுகை முடித்து வந்து அவர் படுத்துவிடுவார், விடியலில் ஃபஜ்ருக்கு எழ வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "இன்னாடா அங்க, டேனரி டிரம்மா ஓட்ற?" தோலைப் போட்டு உருட்டும் அந்த மர டிரம்மைச் சொல்வார். நீ தலையணையைக் கொண்டுவந்து மெஷின்மேல் சாய்ப்பாய். ஒரு வாரம் அந்தச் சண்டை. பிறகு திடீரென்று சத்தமே இல்லை. என்ன செய்தாய் என்று கேட்டால் புருவத்தை மட்டும் தூக்கினாய். எனக்கும் அதற்கு மேல் கேட்கப் பொறுமை இல்லை.

மல்டிமீட்டரை எடுத்தேன். போர்டில் பவர் பட்டன் ஒயர் செருகும் இடம் அதே மூலையில்தான் இருக்கிறது. அந்த முனைகள் பின்பக்கமாகத் தோலுக்குள் குத்தி இறங்கியிருந்தன, நுனியெல்லாம் பச்சை பூத்திருந்தது. தோலின் அந்தப் பக்கம் தகடு. மீட்டரின் ஒரு ஒயரைக் குத்தின இடத்திலும் மற்றொன்றைத் தகட்டிலும் வைத்தேன். கரண்ட் போகவே கூடாத இடத்தில் முள் எழுந்து ஆடியது.

"இன்னாண்ணா அர்த்தம்?"

"பவர் பட்டன நாலு செகண்டு அழுத்திப் புடிச்சா இன்னா ஆவும்?"

"டக்குன்னு ஆஃப் ஆய்டும்."

"அதான். இந்தத் தோல் ஈரமாவறப்ப, யாரோ பட்டன அழுத்திப் புடிச்சிருக்காங்கன்னு மெஷின் நெனச்சிக்குது."

நீ இருந்தவரை தினமும் மணிக்கணக்காக ஓட்டினாய், அந்தச் சூட்டில் தோல் காய்ந்தே கிடந்தது. ஏழு மாதம் பெட்ஷீட்டுக்குள் கிடந்ததில் மொத்தமாகக் குடித்துவிட்டது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது உன் அப்பா கையை நீட்டினார். தோலைப் பிய்த்துக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். திருப்பினார். மூலையைப் பார்த்தார். அங்கே கத்திரியால் வெட்டின சின்ன 'வி'.

அந்த வெட்டு எனக்கும் தெரியும். வாங்குகிறவர்கள் ஒரு சாம்பிள் தோலைச் சரியென்று ஒத்துக்கொண்டால், அதன் மூலையில் உன் அப்பா அப்படி வெட்டி வளையத்தில் மாட்டிவிடுவார். மொத்தச் சரக்கும் அந்த நிறத்துக்கு, அந்த மெதுமைக்கு வர வேண்டும். அதைத் தொலைத்தால் கண்ணைத் தொலைத்த மாதிரி.

"அடப்பாவி" என்றார் உன் அப்பா. நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "ரெண்டு நாளு. ரெண்டு நாளு கோடவுன தலகீழாப் போட்டுத் தேடனேன். அத்தினி பேரயும் திட்டனேன். சரக்கு வாங்கற ஆளு போன்ல இங்கிலீஷ்ல என்னத் திட்டனான். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? என்கூடவே தேடனான். அட்டாலி மேல ஏறித் தேடனான். மூட்டையெல்லாம் எறக்கினான். கடைசில 'எலி தூக்கிட்டுப் போயிருக்கும்பா'ன்னு எங்கிட்டயே சொன்னான். எலி. இங்க வெச்சிருக்குது பாரு எலி." குரல் ஏறிக்கொண்டே போனது. "டேய், கோடவுன்ல அத்தன வேஸ்ட் பீஸ் கெடக்குது. உனுக்கு அப்ரூவல் பீஸ்தான் கெடச்சுதா? கண்ணு இல்ல? வெட்டு போட்டிருக்கறது தெரியல? வா இங்க, வா."

நேராக மெஷினைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். ஏழு மாதமாக அவர் உன் பெயரை எடுக்கவில்லை. உன் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். இன்று உன்னை நிற்க வைத்துத் திட்டினார். சத்தம் கேட்டு உன் அம்மி ஓடி வந்தார்கள். அந்த அறைக்குள் வராதவர்கள், உள்ளே வந்து, அவர் கையிலிருந்த தோலைப் பார்த்து, தட்டில் கிடந்த திருகுகளைப் பார்த்து, "யார திட்றீங்க?" என்றார்கள்.

"ஒன் புள்ளையத்தான்."

"எதுக்கு வெச்சானாம்?"

ரெஹானாதான் சொன்னாள்: "சத்தம் வந்தா அப்பாக்குத் தூக்கம் கெட்டுடும்னு வெச்சான் அம்மி."

உன் அப்பா உன் கட்டிலில் உட்கார்ந்தார். தோலை மடித்தார், பிரித்தார், மடித்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது, மணி நாலு.

ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் வைத்து அந்த முனைகளைத் துலக்கினேன். பச்சை போனது. மீட்டர் முள் படுத்தது படுத்தபடி கிடந்தது. ஒவ்வொரு திருகாக ரெஹானா எடுத்துக் கொடுத்தாள், நான் மாட்டினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை, நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆன் செய்தோம். மின்விசிறி எழுந்தது, வேகமெடுத்தது.

'கர்ர்ர்.'

தோல் போனதும் டிரம் திரும்பி வந்துவிட்டது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ரப்பர் வாஷர் போட்டா நிக்கும் அங்கிள், ஆட்டம் முடிஞ்சதும் போட்டுட்றேன்" என்றேன்.

என் லேப்டாப்பை அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹெட்போனில் நாட்றம்பள்ளிக்காரன், "ரெஹானா, மிக்ஸி ஓடுதா அங்க? அணைக்கச் சொல்லு" என்றான். "மிக்ஸி இல்லண்ணா, மெஷின்." பிறகு, "அவன் மெஷினா? மறுபடி டிரம் ஓட்றானா?" என்றான். ஆலங்காயத்துக்காரன், "டேய், ஆடுங்கடா" என்றான்.

முதல் சுற்றில் வழக்கம்போல நான் முன்னால் ஓடி முதல் ஆளாகச் செத்தேன். இரண்டாவது சுற்றில் எழுந்து ஓடப்போனேன். "ஓடாதீங்கண்ணா. அவங்களே வருவாங்க" என்றாள் ரெஹானா. நீ பதுங்குவாயே அந்தத் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தோம். வந்தார்கள். ஒவ்வொருவராகச் சுட்டு எடுத்தாள். அவசரமே இல்லை. மல்லாட்டை உரிக்கிற மாதிரி.

கடைசிச் சுற்று. எதிரில் இரண்டு பேர், எங்கள் பக்கம் அவளும் நானும். இந்தச் சுற்றைத் தாண்டினால் தேறுவோம். அப்போது சத்தம் நின்றது.

டிரம் நின்றுவிட்டது. சுத்தமாக நின்றது. ரெஹானா கண்ணை மூடிக்கொண்டாள், நிஜமாகவே மூடிக்கொண்டாள். பதினைந்து என்று மனதுக்குள் எண்ணிவிட்டேன். ஆனால் திரையில் வெளிச்சம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது. குனிந்து பார்த்தேன்.

உன் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மெஷினின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்திருந்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. கை பட்டதில் அதிர்வு அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"அங்கிள், கை."

"ஆங்" என்று எடுத்தார். 'கர்ர்ர்' என்று மறுபடி எழுந்தது. ரெஹானா கண்ணைத் திறந்தாள். திறந்த வேகத்தில் ஒருவனை எடுத்தாள். இன்னொருவன் என்மேல் வந்தான், அவனை நான் எடுத்தேன். ஒரு தடவையாவது நானும் உட்கார்ந்த இடத்தில் இருந்தேன் என்று எழுதி வைத்துக்கொள். தேறிவிட்டோம். ஆலங்காயத்துக்காரன் கத்தியதில் ஹெட்போனைக் கழற்ற வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது, "வாஷர் இப்பவே போட்டுட்டுப் போறேன், அஞ்சு நிமிஷம்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்தார்.

"வேணாம். விடு."

"ஃபஜ்ருக்கு எழுந்திரிக்கணுமே அங்கிள். தூக்கம் கெட்டுடும்."

"இத்தினி நாளு சத்தம் இல்லாமத்தான தூக்கம் கெட்டுது. ஓட்றது காதுல கேக்கட்டும்."

ரெஹானாவின் கத்திரியை வாங்கி அந்தத் தோலில் 'வி' இருந்த மூலையை மட்டும் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீதியை என்னிடம் கொடுத்தார். "வெச்சுக்க. ஆனா எதுக்குள்ளயும் வெக்காத" என்றார்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. நாளை லேபிலிருந்து நல்ல ஸ்பிரிட் கொண்டுவந்து அந்த முனைகளை இன்னொரு தரம் துலக்க வேண்டும்.

2. வேலூர் கடைக்காரருக்கு போன் செய்து, உங்கள் மூக்குதான் சரி என்று சொல்ல வேண்டும். மல்லிப்பூவை அவர் மறந்திருந்தால் நான் நினைவூட்ட மாட்டேன்.

3. டேபிள் ஃபேனை என் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

4. உன் அப்பாவுக்கு மெஷினை ஆன் செய்யச் சொல்லித்தர வேண்டும். அவரே கேட்டார். ரெஹானா காலேஜிலிருந்து வர நேரமானால் சாயங்கால அஸர் தொழுகை முடித்து வந்து அவர் போட்டுவிடுவாராம். சும்மா ஓடட்டுமாம்.

5. வாஷர் போடக் கூடாது. யார் கேட்டாலும்.

6. அடுத்த ஆட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது கஷ்டம், உனக்குத் தெரியும்.

7. தோல் துண்டு என் பர்ஸில் இருக்கிறது. தினமும் ஒரு தடவை எடுத்து முகர வேண்டும். இப்போது முகர்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறவரை முகர வேண்டும்.